பாலைவனத்தில் ராணுவ விமானம் விழுந்த செய்தி வந்தால்: வேலூர்ப் பக்கத்து வீடுகளில் எழும் கேள்விகள்

ராணுவப்பேட்டை என்றே பேர் வாங்கிய கம்மவான்பேட்டை மட்டுமல்ல, குடியாத்தம், அணைக்கட்டு, ஆற்காடு, வாலாஜா, அரக்கோணம் என்று பழைய வட ஆற்காட்டில் வீட்டுக்கொரு மிலிட்டரிக்காரர் இருக்கும் தெருக்கள் நிறைய. ராஜஸ்தானிலோ வெளிநாட்டுப் பாலைவனத்திலோ ஒரு போக்குவரத்து விமானம் காணவில்லை என்று டிவியில் ஓடினால், அந்தத் தெருக்களில் அன்று இரவு அடுப்பு எரியாது. இந்தப் பக்கம் அந்த வீடுகளுக்காக எழுதியது. விமானம் ஏன் விழுகிறது, ஏன் தேட வேண்டியிருக்கிறது, அதற்குப் பின் வீட்டில் என்னென்ன வேலை என்பவை கீழே உள்ளன.

முதல் நாள் வரும் செய்தியில் எதை நம்பலாம்?

விமானம் கிளம்பிய இடம், கிளம்பிய நேரம், கடைசியாகத் தொடர்பு இருந்த நேரம் ஆகிய மூன்றும் பெரும்பாலும் சரியாக இருக்கும். ஆட்களின் எண்ணிக்கையும் காரணமும் பெரும்பாலும் தவறாக இருக்கும்.

எண்ணிக்கை தவறுவதற்குக் காரணம் உண்டு. ராணுவ விமானத்தில் ஏறுபவர்களின் பெயர்ப்பட்டியல் கிளம்பும் இடத்தில்தான் இருக்கும். லீவு முடிந்து திரும்புபவர் கடைசி நிமிடத்தில் இடம் கிடைத்து ஏறியிருக்கலாம். பட்டியலில் இருப்பவர் சரக்கு எடை கூடியதால் இறக்கிவிடப்பட்டிருக்கலாம். எனவே "அந்த விமானத்தில்தான் வர்றேன்னு சொன்னான்" என்பது ஏறியதற்குச் சாட்சி அல்ல. "ஃபோன் ஸ்விட்ச் ஆஃப்" என்பதும் சாட்சி அல்ல.

நெருங்கிய உறவினருக்கு யூனிட்டிலிருந்து தகவல் சொன்ன பிறகே பெயர்களை வெளியிடுவது ராணுவ வழக்கம். அதற்கு முன் வாட்ஸ்அப்பில் சுற்றும் பட்டியல் எதுவும் அதிகாரப்பூர்வமானது அல்ல. படங்களும் அப்படித்தான்; எரியும் விமானத்தின் படம் பல நேரம் வேறு நாட்டு, வேறு வருடத்து விபத்தாக இருக்கும்.

அந்த இரவில் வீட்டில் என்ன செய்ய வேண்டும்?

சர்வீஸ் ரெக்கார்டில் நெருங்கிய உறவினராக யார் பெயர் இருக்கிறதோ, எந்த ஃபோன் நம்பர் இருக்கிறதோ, அந்த ஃபோனை ஓயாமல் பேசி அடைத்துவைக்காதீர்கள். விசாரிக்கும் உறவினர்களுக்கு வேறு ஒரு நம்பர் கொடுங்கள். சர்வீஸ் நம்பர், ரேங்க், யூனிட் பெயர் மூன்றையும் ஒரு தாளில் எழுதி ஃபோன் பக்கத்தில் வையுங்கள். ஒரே பெயரில் நாலு பேர் இருக்கும் பட்டாலியனில் சர்வீஸ் நம்பர்தான் ஆளைச் சொல்லும். யூனிட்டின் நம்பர் தெரியாவிட்டால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தை அணுகலாம். சிப்பாய்களின் பதிவேடுகள் இருக்கும் ரெக்கார்டு ஆபீஸோடு பேசும் வழி அவர்களுக்குத் தெரியும். டிவி மைக்குக்கு முன் யாரும் எதையும் உறுதிப்படுத்த வேண்டியதில்லை.

இந்த விமானங்கள் எப்படிப்பட்டவை? பழசா?

இந்திய விமானப்படையில் நெடுங்காலமாக உழைப்பது ஏஎன்-32. இரண்டு இஞ்சின், 27 டன் வரை மொத்த எடை, ஐம்பது பேர் வரை ஏற்றும். சூட்டிலும் உயரத்திலும் வேலை செய்யவே வடிவமைத்தது. அதனால்தான் இஞ்சின்கள் இறக்கைக்கு மேலே உட்கார்ந்திருக்கும். சி-130ஜே நான்கு இஞ்சின், சுமார் 70 டன். ஐஎல்-76 நான்கு ஜெட் இஞ்சினுள்ள பெரிய வண்டி. சி-17 அதைவிடப் பெரியது, 77 டன் சரக்கு தூக்கும். ஏஎன்-32 போலவே நடுத்தர வேலைக்கு வந்திருக்கும் புதியது சி-295.

பழசு என்பது மட்டும் காரணமாகாது. புது சி-130ஜே விமானமும் 2014 மார்ச் 28 அன்று குவாலியர் பக்கம் தாழ்வாகப் பறக்கும் பயிற்சியில் விழுந்து, அதிலிருந்த ஐந்து பேரும் இறந்தார்கள்.

பாலைவனம் சமதரைதானே, அங்கே எதில் மோதுகிறது?

இந்தக் கேள்வியில்தான் பலருக்குக் குழப்பம். பாலைவனம் என்றால் மணல் மேடு மட்டும் என்று நினைக்கிறோம். ஈரானிலும் மொராக்கோவிலும் பாலைவனத்துக்குப் பக்கத்திலேயே மொட்டை மலைகள் நிற்கின்றன. 2003 பிப்ரவரி 19 அன்று ஈரானின் கெர்மான் அருகே ஐஎல்-76 மலையில் மோதி 275 பேர் இறந்தார்கள்; வானிலை மோசமாக இருந்தது. 2011 ஜூலை 26 அன்று மொராக்கோவின் குல்மிம் அருகே, சகாராவின் வாசலில், சி-130 மலையில் மோதி 80 பேர் இறந்தார்கள், அங்கே மூடுபனி. பாலைவனத்து ஓரத்திலும் மூடுபனி வரும், கடற்காற்று வீசும் இடமாக இருந்தால் வாய்ப்பு அதிகம்.

இஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, விமானமும் சொன்னபடி கேட்க, தரை எங்கே இருக்கிறது என்பது மட்டும் தெரியாமல் மோதுவது இந்த வகை விபத்து. ஜவ்வாது மலையை இருட்டில் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஆலங்காயம் பக்கம் ஒரு விளக்கும் எரியாமல் இருந்தால், மேலே இருந்து பார்ப்பவருக்கு மலையும் வானமும் ஒரே கறுப்பு. பாலைவனத்தில் நூறு கிலோமீட்டருக்கு அப்படித்தான்.

சமதரையிலும் ஆபத்து உண்டு. மணலில் மரம் இல்லை, வீடு இல்லை, ரோடு இல்லை. கண்ணுக்கு அளவுகோல் கிடைக்காததால் 100 அடி உயரமும் 500 அடி உயரமும் ஒரே மாதிரி தெரியும். புழுதிக்காற்று எழும்போது தொடுவானக் கோடு மறைந்துவிடும். அப்போது காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு பொய் சொல்லும்: விமானம் மெல்லச் சாய்ந்து திரும்பிக்கொண்டிருக்கும், உள்ளே இருப்பவருக்கு நேராகப் போவதுபோல் தோன்றும். மீட்டரை நம்பாமல் உடம்பை நம்பினால் விமானம் சுழன்று இறங்கும்.

1991 மார்ச் 21 அன்று சவூதி அரேபியாவின் ராஸ் அல் மிஷாப் அருகே நடந்தது வேறு மாதிரி. வளைகுடாப் போருக்குப் பின் எரிந்த எண்ணெய்க் கிணறுகளின் புகை பார்வையை மறைத்திருந்தது. சி-130 விழுந்து 98 பேர் இறந்தார்கள். அவர்களில் 92 பேர் செனகல் நாட்டுச் சிப்பாய்கள்.

வெயிலே விமானத்தைக் கீழே தள்ளுமா?

தள்ளாது, ஆனால் தூக்குவதைக் குறைக்கும். ராஜஸ்தானின் பலோதியில் 2016 மே 19 அன்று 51 டிகிரி பதிவானது. அவ்வளவு வேண்டாம், நம் அக்னி நட்சத்திரத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக 45 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். விமானக் கணக்குகள் 15 டிகிரியை அடிப்படையாக வைத்தவை. அதோடு ஒப்பிட்டால் 45 டிகிரியில் காற்று 9 சதவீதத்துக்கு மேல் லேசாகிவிடும். அதே எடையைத் தூக்க விமானம் சுமார் 5 சதவீதம் கூடுதல் வேகத்தில் ஓட வேண்டும். அதற்கு மட்டுமே ஓடுபாதை 10 சதவீதம் கூடுதலாக வேண்டும். அதே நேரம் லேசான காற்றில் இஞ்சினும் பலம் இழக்கும், புரொபெல்லரும் பிடிமானம் இழக்கும். எல்லாம் சேர்ந்தால் ஓடுபாதைக் கணக்கு பெரிதாக மாறிவிடும்.

இதற்குத் தீர்வு எளிது: சரக்கைக் குறை, அல்லது விடியற்காலையில் கிளம்பு. கோளாறு வருவது, எடையைத் தராசில் போடாமல் குத்துமதிப்பாக எழுதும்போது. ஒரு சிப்பாய்க்கு இவ்வளவு எடை என்று கணக்கு வைத்திருப்பார்கள். அவர் தலைக்கவசம், துப்பாக்கி, குண்டு, தண்ணீர், மூட்டை எல்லாம் சேர்த்து ஏறும்போது அந்தக் கணக்கு பொய்த்துவிடும்.

மணல் இஞ்சினுக்குள் போனால் என்ன ஆகும்?

இரண்டு விதமாகக் கெடுக்கும். முதலாவது தேய்மானம்: முன்பக்கத்துக் காற்றழுத்தி இலைகளின் விளிம்பை மணல் உப்புத்தாள் போல் அராவும், பலம் மெல்ல மெல்லக் குறையும். இது ஒரே நாளில் விமானத்தை விழவைக்காது, பராமரிப்பில் பிடித்துவிடலாம். இரண்டாவது கொடியது. பாலாற்று மணல் போன்ற பெரிய துகள் அல்ல, மாவு போன்ற நுண்புழுதி எரியறைக்குள் போய் ஆயிரம் டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் உருகி, பின்னால் இருக்கும் டர்பைன் இலைகளில் கண்ணாடியாகப் படியும். குளிரூட்டும் துளைகள் அடைபடும், காற்று போகும் வழி சுருங்கும், இஞ்சின் திடீரென மூச்சுத் திணறி நிற்கும். மண்ணில் இறங்கும்போது தானே கிளப்பிய புழுதிக்குள் நீண்ட நேரம் நிற்கும் விமானங்களுக்கும் ஹெலிகாப்டர்களுக்கும் இது அதிகம்.

புழுதி கண்ணையும் மறைக்கும். 1980 ஏப்ரல் இறுதியில் ஈரான் பாலைவனத்தில் இரவில் இறங்கிய அமெரிக்கப் படையில் ஒரு ஹெலிகாப்டர், புழுதிக்குள் நகரும்போது தரையில் நின்ற சி-130 வகை விமானத்தின்மேல் மோதியது. எட்டுப் பேர் இறந்தார்கள்.

உள்ளே இருக்கும் சரக்கு நகர்ந்தால்?

விமானத்தின் எடை எங்கே மையம் கொள்கிறது என்பது சில அடிகளுக்குள் கட்டுப்பட்டது. கனரக வண்டி ஒன்று கட்டுக்கயிறு அறுந்து பின்னால் உருண்டால் மூக்கு மேலே தூக்கும். பைலட் எவ்வளவு அழுத்தினாலும் இறங்காது. வேகம் போய் விமானம் சரியும். 2013 ஏப்ரல் 29 அன்று ஆப்கானிஸ்தானின் பக்ராமில் ராணுவ வண்டிகளை ஏற்றிய தனியார் 747 சரக்கு விமானம் இப்படித்தான் விழுந்தது. ஏழு பேர் இறந்தார்கள். அங்கே நகர்ந்த வண்டி பின்பக்கத்து ஹைட்ராலிக் குழாய்களையும் அறுத்துவிட்டது.

சின்னப் பொருளும் போதும். 2015 அக்டோபரில் ஜலாலாபாத்தில் சி-130ஜே சரக்கு இறக்கும்போது, வால் இறக்கையைத் தூக்கிவைக்க ஸ்டியரிங் கம்பத்துக்கு முன்னால் இருட்டில் பார்க்க உதவும் கண்ணாடியின் பெட்டி ஒன்றைச் சொருகினார்கள். எடுக்க மறந்தார்கள். கிளம்பியதும் மூக்கு தானாக மேலேறியது. இருட்டில் காரணம் புரியவில்லை. தரையில் இருந்த மூவரையும் சேர்த்து 14 பேர் இறந்தார்கள். ஜலாலாபாத் பாலைவனம் அல்ல. ஆனால் "இவ்வளவு பெரிய விமானம் எப்படி விழும்" என்று கேட்பவர்களுக்கு இதைவிட நேரான பதில் இல்லை.

சதியாக இருக்குமோ?

இருக்கலாம் என்ற சாத்தியத்தை விசாரணை கடைசிவரை திறந்தே வைத்திருக்கும். வெடிமருந்து என்றால் உலோகத்தில் நுண்குழிகள், உருகிய விளிம்பு, ரசாயன எச்சம் என்று தடயம் இருக்கும். இடிபாடு பல கிலோமீட்டருக்கு முன்பிருந்தே சிதறத் தொடங்கியிருக்கும். தடயம் வரும் முன் சதி என்று பேசுவது வீட்டில் இருப்பவர்களின் காத்திருப்பை இன்னும் கனமாக்குவதைத் தவிர வேறெதுவும் செய்யாது.

சாட்டிலைட் இருக்கும் காலத்தில் விமானத்தைத் தேடுவதா?

விமானத்தில் அவசர இருப்பிட அறிவிப்புக் கருவி ஒன்று இருக்கும்; ஆங்கில எழுத்துக்களில் இஎல்டி என்பார்கள். மோதல் அதிர்ச்சியில் அதுவே உயிர்பெற்று 406 மெகாஹெர்ட்ஸில் ஏறக்குறைய 50 விநாடிக்கு ஒருமுறை சாட்டிலைட்டுக்குச் சங்கேதம் அனுப்பும். இந்திய எல்லைக்குள் என்றால் பெங்களூரில் உள்ள மையம் அதைப் பிடிக்கும். பக்கத்தில் வரும் தேடுதல் விமானம் பின்தொடர 121.5 மெகாஹெர்ட்ஸில் பலம் குறைந்த ஒலியும் வரும். பேட்டரி குறைந்தது 24 மணிநேரம் தாங்க வேண்டும்.

இது வேலை செய்யாமல் போகும் வழிகளே அதிகம். கருவி தப்பித்தாலும் அதையும் ஆண்டெனாவையும் இணைக்கும் கேபிள் அறுந்துவிடும். விமானம் தலைகீழாகக் கிடந்தால் ஆண்டெனா உடம்புக்கு அடியில் மாட்டிக்கொள்ளும். தீயில் எரியும். 121.5-ஐ மட்டும் அனுப்பும் பழைய கருவியாக இருந்தால் சாட்டிலைட் கேட்கவே கேட்காது. அந்தச் சேவையை 2009 பிப்ரவரி 1 முதல் நிறுத்திவிட்டார்கள்.

அப்புறம் கணக்குதான். மணிக்கு 540 கிலோமீட்டரில் போகும் விமானம் கடைசித் தொடர்புக்குப் பின் பத்து நிமிடம் பறந்திருக்கலாம் என்றால், 90 கிலோமீட்டர். வேலூரிலிருந்து திருவண்ணாமலையைத் தாண்டிய தூரம். எந்தத் திசை என்று தெரியாவிட்டால் அந்த வட்டத்தின் பரப்பு 25,000 சதுர கிலோமீட்டருக்கு மேல். பிரிக்கப்படாத பழைய வேலூர் மாவட்டத்தைப்போல நான்கு மடங்கு.

எப்படித் தேடுகிறார்கள்?

கடைசியாகத் தெரிந்த இடத்திலிருந்து போக வேண்டிய பாதையை வரைந்து, அதன் இருபுறமும் பட்டை பட்டையாக, நாற்று நட வரிசை பிடிப்பதுபோல் இணைகோடுகளில் பறப்பார்கள். இடம் ஓரளவு உறுதி என்றால் அந்தப் புள்ளியிலிருந்து சதுரமாக விரிந்துகொண்டே போவார்கள்.

பாலைவனத்தில் நேரம் முக்கியம். நடு மதியம் தரையே அடுப்பாக இருப்பதால், மனித உடம்பின் சூட்டையும் உலோகத்தின் சூட்டையும் வெப்பக் கேமரா தரையிலிருந்து பிரித்துக் காட்டாது. மணல் குளிர்ந்த விடியலுக்கு முந்திய நேரம்தான் நல்லது. கண்ணால் தேட காலையும் மாலையும் நல்லது. சாய்ந்த வெயிலில் சின்னத் துண்டுக்கும் நீண்ட நிழல் விழும். அதிவேகத்தில் செங்குத்தாக விழுந்த விமானம் ஒரு பள்ளமும் கரியுமாகச் சுருங்கிவிடும். காற்று அடித்தால் சில நாளில் மணல் மூடும். மேகத்தையும் புழுதியையும் ஊடுருவும் ரேடார் படம் அப்போது கைகொடுக்கும்.

கடலோடு ஒப்பிட்டால் பாலைவனம் இரக்கமுள்ளது. 2016 ஜூலை 22 அன்று தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேர் கிளம்பிய ஏஎன்-32, 29 பேருடன் வங்கக் கடலில் மறைந்தது. அரக்கோணம் ராஜாளி தளத்து பி-8ஐ விமானங்களும் தேடின. இடிபாடு கிடைத்த செய்தி வந்தது 2024 ஜனவரியில், சுமார் 3,400 மீட்டர் ஆழத்திலிருந்து.

விழுந்த பிறகு உயிரோடு இருந்தால் எவ்வளவு நாள் தாக்குப்பிடிக்கலாம்?

தண்ணீர் இல்லாமல், நிழலில் அசையாமல் இருந்தாலும், 48 டிகிரி வெயிலில் சுமார் இரண்டு நாள். பகலில் நடந்தால் அதைவிடக் குறைவு. படையில் சொல்லித்தரும் முதல் பாடம், விமானத்தை விட்டு நகராதே என்பதுதான். மனிதனைவிட விமானம் பெரிது, மேலிருந்து தெரியும், நிழல் தரும், அதில் தண்ணீரும் உலோகப் பளபளப்பும் துணியும் இருக்கும். தரையில் பெரிதாக 'வி' வடிவம் போட்டால் உதவி வேண்டும் என்றும், 'எக்ஸ்' போட்டால் மருத்துவ உதவி வேண்டும் என்றும் பொருள்; உலகம் முழுக்க ஒரே குறி. கண்ணாடிச் சில்லின் பளிச்சு பல கிலோமீட்டருக்குத் தெரியும்.

1943 ஏப்ரல் 4 அன்று லிபியப் பாலைவனத்தில் தொலைந்த 'லேடி பீ குட்' என்ற அமெரிக்கக் குண்டுவீச்சு விமானம் இதற்குக் கசப்பான பாடம். இருட்டில் தளத்தைத் தாண்டிப் பறந்துவிட்டார்கள். எரிபொருள் தீர்ந்ததும் பாராசூட்டில் குதித்தார்கள். கடல் பக்கத்தில் என்று நம்பி வடக்கே நடந்தார்கள். ஒரே ஒரு குடுவையில் இருந்த கொஞ்சம் தண்ணீரோடு எட்டு நாள் தாக்குப்பிடித்தார்கள். விமானமோ அவர்கள் குதித்த இடத்துக்குத் தெற்கே, பெரும்பகுதி முழுசாக, தண்ணீரும் உணவுமாக வயிற்றைத் தரையில் வைத்துக் கிடந்தது. 1958-இல் எண்ணெய் தேடப் போனவர்கள் கண்ணில் பட்டது.

கறுப்புப் பெட்டி கிடைத்துவிட்டால் காரணம் தெரிந்துவிடுமா?

பெட்டி ஆரஞ்சு நிறம். 1,100 டிகிரி தீயை ஒரு மணிநேரம் தாங்கும்படி சோதித்தது. வாலில் இருக்கும், ஏனென்றால் வால் கடைசியில் மோதும். பெட்டிகள் இரண்டு: ஒன்று பறப்பு விவரங்களைப் பதியும், மற்றொன்று குரல்களை. பழைய ராணுவ விமானங்களில் பதிவாகும் விவரங்கள் குறைவு, குரல் அரை மணிநேரம் மட்டும் இருக்கலாம். தண்ணீரில் விழுந்தால் பெட்டி ஒலி எழுப்பும், மணலில் எழுப்பாது. அந்த ஒலிக்கருவி நீரில் நனைந்தால்தான் தொடங்கும். ஆகவே மணலில் அதைக் கண்ணால்தான் தேட வேண்டும்.

இடிபாட்டில் என்ன பார்ப்பார்கள்?

முதலில் நான்கு மூலை: மூக்கு, இரு இறக்கை நுனி, வால். நான்கும் ஒரே இடத்தில் இருந்தால் விமானம் முழுசாகத் தரைக்கு வந்தது என்று பொருள். ஒரு மூலை குறைந்தால் அது வானத்திலேயே கழன்றது. பாதையில் பின்னோக்கிப் போய்த் தேட வேண்டும்.

அடுத்து புரொபெல்லர் இலைகள். இஞ்சின் பலமாகச் சுற்றும்போது மோதியிருந்தால் இலை நுனிகள் முறுக்கிக்கொண்டு வளையும். நின்றுபோயிருந்தால் ஒன்றிரண்டு மட்டும் மடிந்து மற்றவை நேராக இருக்கும். எச்சரிக்கை பல்புகளின் உள்கம்பி நீண்டு இழுபட்டிருந்தால் மோதும்போது அந்த விளக்கு எரிந்துகொண்டிருந்தது. குளிர்ந்த கம்பி சட்டென்று ஒடியும். டேங்க்கில் மிச்சமிருக்கும் எரிபொருளும், கிளம்பிய இடத்தில் நிரப்பிய லாரியின் எரிபொருளும் சோதனைக்குப் போகும்.

ஒவ்வொரு துண்டுக்கும் கொடி நட்டு, ஜிபிஎஸ் எண் எழுதி, படம் எடுத்த பிறகே கை வைப்பார்கள். அந்த வரிசையைத் தவறவிட்டால் திரும்ப வராது. காற்று வரும் முன் முடிக்க வேண்டும். பிறகு மணலைச் சல்லடையில் சலிப்பார்கள். ஈரப்பதம் இல்லாததால் பாலைவனத்தில் உலோகம் துருப்பிடிப்பது குறைவு. உலோகம் உடைந்த பரப்பு உடைந்தபடியே இருக்கும். இது விசாரணைக்குப் பெரிய உதவி.

அந்தப் பக்கத்து ஊர்க்காரர்கள் துண்டுகளை எடுத்துப்போவது தடயத்துக்கும் கேடு, அவர்களுக்கும் கேடு. வெடிக்காத குண்டு, காற்றடைத்த டயர், எரிந்த கார்பன் நாரின் தூசி எல்லாம் அங்கே இருக்கும்.

யார் விசாரிப்பது? அறிக்கை நம் கைக்கு வருமா?

பயணிகள் விமான விபத்தை விசாரிக்கும் மத்திய அரசுப் பிரிவுக்கு ராணுவ விமானம் வராது. அந்தந்தப் படை அமைக்கும் கோர்ட் ஆஃப் என்கொயரிதான் விசாரிக்கும். முழு அறிக்கை வெளியே வருவது அரிது. தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் பிரிவு 8(1)-இன் பாதுகாப்பு விலக்கைக் காட்டி மறுக்கலாம். ஆனால் மரணம் பணியின் பொருட்டு நேர்ந்தது என்ற முடிவை எழுத்தில் கேட்கும் தேவை குடும்பத்துக்கு உண்டு. பென்ஷன் வகை அதில்தான் நிற்கிறது.

உடலை எப்படி அடையாளம் காண்பார்கள்?

கைரேகை, பல், டிஎன்ஏ. சர்வீஸில் பல் பரிசோதனைப் பதிவு இருக்கும். எரிந்த உடலில் பல்லும் தொடை எலும்பும்தான் டிஎன்ஏ எடுக்க நம்பகமானவை. அடையாள அட்டை, மோதிரம், கயிறு இவை துணைச் சான்று மட்டுமே. மோதலில் ஒருவர் பொருள் இன்னொருவர் மேல் போயிருக்கும்.

குடும்பத்தில் டிஎன்ஏ மாதிரி கொடுக்கச் சிறந்தவர்கள் அப்பாவும் அம்மாவும் இருவரும் சேர்ந்து. அவர்கள் இல்லாவிட்டால் பிள்ளைகள், கூடவே அந்தப் பிள்ளைகளின் தாய். அண்ணன் தம்பியிடம் மாதிரி எடுப்பது கடைசி வழி. "சிஎம்சியில் ரத்தம் கொடுத்து அனுப்பிவிடலாமா" என்று இங்கே உடனே தோன்றும். வேண்டாம். மாதிரி எடுத்தவர், சீல் வைத்தவர், கொண்டுபோனவர் என்று சங்கிலி அறுபடாமல் இருந்தால்தான் முடிவு செல்லும். விசாரிக்கும் தரப்பு சொல்லும் இடத்தில், அவர்கள் ஆள் முன்னிலையில் கொடுங்கள்.

2021 டிசம்பர் 8 குன்னூர் ஹெலிகாப்டர் விபத்தில் சிலரின் உடல்கள் உடனே அடையாளம் காணப்பட்டன. மற்றவர்களுக்கு டிஎன்ஏ முடிவுக்குப் பின்தான், சில நாள் கழித்து அனுப்பினார்கள். தாமதம் அலட்சியம் அல்ல. வேறு வீட்டுப் பிள்ளையை நம் வீட்டுக்கு அனுப்பிவிடக் கூடாது என்பதற்காக.

சவப்பெட்டி ஊருக்கு வந்தபின்?

சென்னைக்கோ பெங்களூருக்கோ விமானத்தில் வந்து, அங்கிருந்து ராணுவ வண்டியில் ரோடு வழியாக வரும். வண்டி தெருவுக்குள் நுழையுமா என்று முன்கூட்டியே பாருங்கள். நுழையாவிட்டால் பள்ளி மைதானம், மந்தை என்று ஓர் இடத்தைத் தாசில்தாரோடும் போலீஸோடும் பேசி முடிவு செய்யுங்கள். மரியாதைக் குழு வரிசையாக நின்று வானம் நோக்கிச் சுட இடம் வேண்டும். எரிப்பதா புதைப்பதா என்பது குடும்பத்தின் முடிவு. தேசியக் கொடியைக் குழிக்குள்ளோ சிதையிலோ விடக் கூடாது. மடித்து வீட்டாரிடம் கொடுப்பார்கள்.

சீல் வைத்த பெட்டியைத் திறக்கச் சொல்லிச் சண்டை நடக்கும். கூட வரும் அதிகாரியிடம் தனியாக, நேராகக் கேளுங்கள்: முகம் பார்க்கும் நிலையில் இருக்கிறதா? இல்லை என்று அவர் சொன்னால், அம்மாவுக்கு அதைச் சொல்ல வீட்டில் ஒரு பெரியவர் முன்வர வேண்டும்.

உடல் கிடைக்கவே இல்லை என்றால்?

பாரதிய சாட்சிய அதினியம் பிரிவு 111-இன்படி, ஏழு வருடம் எந்தச் சேதியும் இல்லாவிட்டால் இறந்ததாகக் கருதலாம். பழைய சாட்சியச் சட்டத்தின் 108-தான் இது. ஆனால் விமானமே போய்விட்டது என்று விசாரணை முடிவு செய்தால் படை அவ்வளவு நாள் காத்திருக்காது. 2016 ஏஎன்-32-இல் இருந்தவர்கள் இறந்ததாகக் கருதப்படுவதாக இரண்டு மாதத்துக்குள் குடும்பங்களுக்குத் தெரிவித்தார்கள். அந்தக் கடிதத்தின் அசலை லேமினேஷன் செய்யாதீர்கள். சரிபார்க்கும் இடத்தில் சிக்கலாகும்.

பென்ஷன், பணம் எப்படி?

பணியில் விமானப் பயண விபத்து, மரண வகைகளில் 'சி'-யில் வரும். அதற்குச் சிறப்புக் குடும்ப ஓய்வூதியம், கடைசிச் சம்பளக் கணக்கில் 60 சதவீதம். எதிரியோடோ தீவிரவாதிகளோடோ மோதும் நடவடிக்கையில் நடந்தது என்று அறிவித்தால் தாராளக் குடும்ப ஓய்வூதியம், முழுச் சம்பள அளவு. பணியிடை விபத்துக்கு மத்திய அரசின் கருணைத் தொகை, ஏழாவது ஊதியக்குழுவுக்குப் பின், 25 லட்சம் ரூபாய். இவை தவிர குரூப் இன்ஷூரன்ஸ், சேமநிதி, கிராஜுவிட்டி.

பலர் தவறவிடுவது சம்பள அக்கவுண்ட். டிஃபென்ஸ் சேலரி பேக்கேஜ் என்றால் வங்கியே விபத்துக் காப்பீடு வைத்திருக்கும், விமான விபத்துக்குத் தனித்தொகையும் இருக்கலாம். அது தானாக வராது; கிளையில் எழுதிக்கொடுத்துக் கேட்க வேண்டும், கெடுவும் உண்டு. தனியாக எடுத்த பாலிசிகளில் விமானப் பயணம் பற்றிய விலக்கு வரியைப் படித்துவிட்டுக் கிளெய்ம் போடுங்கள்.

தாள்கள் எங்கே சிக்குகின்றன?

பெயரில். ஒன்றில் கலைச்செல்வி, இன்னொன்றில் கலை செல்வி. ஆதாரில் இனிஷியல், ரெக்கார்டில் அப்பா பெயர் விரித்து. கல்யாணம் ஆனதும் யூனிட்டில் பார்ட் டூ ஆர்டர் (குடும்ப விவரத்தைப் பதியும் உத்தரவு) போடாமல் விட்டிருந்தால் மனைவி ரெக்கார்டில் இல்லவே இல்லை. பதிவுத் திருமணச் சான்றை வைத்துப் புதிதாகச் சேர்க்க மாதக்கணக்கில் ஆகும்.

மாவட்டத்தில். சேரும்போது வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் என்று எழுதியவர் உண்டு, பிறகு வேலூர், 2019 நவம்பருக்குப் பின் ஆற்காடு, வாலாஜா, அரக்கோணம் ராணிப்பேட்டைக்கும், வாணியம்பாடி, ஆம்பூர் திருப்பத்தூருக்கும் போய்விட்டன. வாரிசுச் சான்று புதிய மாவட்டப் பெயரில் வரும், ரெக்கார்டு பழைய பெயரில் நிற்கும். இரண்டும் ஒரே ஊர்தான் என்று தாசில்தார் அலுவலகத்தில் ஒரு வரி எழுதி வாங்கிச் சேர்த்து அனுப்புங்கள்.

நாமினியில். பதினெட்டு வயதில் சேர்ந்தபோது அம்மா பெயர் போட்டவர், கல்யாணத்துக்குப் பின் மாற்றியிருக்க மாட்டார். குடும்ப ஓய்வூதியம் விதிப்படி மனைவிக்குப் போகும், குரூப் இன்ஷூரன்ஸ் நாமினிக்குப் போகும். மாமியார் மருமகள் சண்டைக்கு இது போதும். லீவில் வந்திருக்கும்போதே கேட்டு மாற்றிவிடுவது நல்லது, கேட்பதற்குச் சங்கடமாக இருந்தாலும்.

இறப்புச் சான்று இறந்த இடத்தில்தான் பதிவாகும், அதாவது ஜெய்சல்மேரில் விழுந்தால் அங்கே. யூனிட் மூலமாக வாங்குவார்கள். குறைந்தது பதினைந்து நகல் கேளுங்கள். எந்த அலுவலகத்திலும் அசலை விட்டுவிட்டு வராதீர்கள். கொடுத்தே ஆக வேண்டும் என்றால் பெற்றுக்கொண்டதாகத் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள்.

அவர் பெட்டி, துணிமணி, ஃபோன்?

விமானத்தில் இருந்தவை விசாரணை முடியும்வரை வராது. முகாமில் இருந்தவற்றை யூனிட் பட்டியலிட்டு அனுப்பும். பட்டியலைச் சரிபார்த்த பின் கையெழுத்துப் போடுங்கள். ஃபோன் வந்தால் சிம்மை உடனே ரத்து செய்துவிடாதீர்கள். வங்கி, ஆதார், பென்ஷன் எல்லாவற்றுக்கும் ஓடிபி அந்த நம்பருக்குத்தான் வரும்.